காதல், திருமணம், மாறிவரும் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தம்பதிகளோடும் தனியாக வருபவர்களோடும் உறவுகளைப் பற்றிப் பேசுவது என் வேலை. ஆள் மாறினாலும் சந்தேகங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். நான் குறிப்பிடும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அமெரிக்காவில் நடந்தவை. அதனால் எண்களை உங்கள் வீட்டுக்கு அப்படியே பொருத்த வேண்டாம், அவை காட்டும் போக்கைப் பாருங்கள். ஒரு கேள்வி உங்களுக்குப் பொருந்தாவிட்டால் தாண்டிப் போய்விடலாம். பின்னால் வரும் சில பதில்களுக்கு மட்டும் முன்னால் சொன்னது தேவைப்படும்.

"இது காதலா, வெறும் ஈர்ப்பா? எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

நெஞ்சு படபடப்பதை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. 1974-இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் பள்ளத்தாக்கின் மேல் ஆடும் ஒரு தொங்கு பாலத்தில் பரிசோதனை செய்தார்கள். பாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். உறுதியான, தாழ்வான பாலத்தில் அவரைப் பார்த்தவர்களைவிட, ஆடும் பாலத்தில் பார்த்தவர்களே பிறகு அதிகமாக அழைத்தார்கள். உயரத்தைக் கண்டு அடித்துக்கொண்ட நெஞ்சு, அந்தப் பெண்ணுக்காக அடித்துக்கொண்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986-இல் காதலை மூன்றாகப் பிரித்தார்: நெருக்கம், வேட்கை, உறுதிப்பாடு. வேட்கை மட்டும் இருந்தால் மோகம். உறுதிப்பாடு மட்டும் மிஞ்சினால் அது வெறுமையான காதல். இந்தப் பிரிவினை எல்லாவற்றையும் விளக்கிவிடாது, ஆனாலும் கேள்வியைத் திருத்திக்கொள்ள உதவும். வெட்கப்படும் ஒரு விஷயத்தை அவரிடம் சொல்ல முடிகிறதா? அவருக்கு நாள் மோசமாகப் போனால் பக்கத்தில் இருக்கத் தோன்றுகிறதா? நீங்கள் 'வேண்டாம்' என்று சொன்னால் அவர் என்ன செய்கிறார்? இவற்றுக்குப் பதில் தெரிய நாளாகும். தெரியும்வரை பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுவது நல்லது.

"சரியான ஆளைத் தேர்ந்தெடுத்துட்டா மத்ததெல்லாம் தானா அமைஞ்சிடும்தானே?"

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பலரை அதிகம் அலைக்கழிக்கும் நம்பிக்கையும் இதுதான். சமந்தா ஜோயல் தலைமையிலான குழு 2020-இல் 43 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து, 11,196 ஜோடிகளின் பதில்களை இயந்திரக் கற்றல் (தரவுகளில் உள்ள ஒழுங்கைக் கணினியே தேடும் முறை) மூலம் ஆராய்ந்தது. உறவில் ஒருவர் எவ்வளவு திருப்தியாக இருக்கிறார் என்பதைக் கணிக்க எது உதவுகிறது என்று பார்த்தார்கள். துணையின் குணம், வயது, படிப்பு போன்றவை கொஞ்சம்தான் உதவின. 'என் துணை இந்த உறவில் உறுதியாக இருக்கிறார்', 'நான் மதிக்கப்படுகிறேன்', 'எங்கள் தாம்பத்தியம் நன்றாக இருக்கிறது', 'சண்டை அளவோடு இருக்கிறது' என்பது போன்ற உணர்வுகள்தான் அதைவிட நன்றாகக் கணித்தன. அதாவது ஆள் யார் என்பதைவிட, இருவருக்கும் நடுவே தினமும் என்ன நடக்கிறது என்பதே பெரிதாக இருந்தது.

அதற்காக யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்லவில்லை. குரூரம், கட்டுப்பாடற்ற போதைப் பழக்கம், குழந்தை வேண்டுமா வேண்டாமா என்பதில் எதிரெதிர் நிலை ஆகியவற்றை அன்பாகப் பேசிச் சரிசெய்துவிட முடியாது. ஆனால் இவற்றைத் தாண்டிவந்த ஒருவரிடம் இன்னும் பத்து தகுதிகள் தேடுவதைவிட, அவரோடு பேசிப் பழகும் விதத்தைக் கவனிப்பதால் கிடைக்கும் பலன் அதிகம்.

"ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் எழுதினேன். 'ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட்'னு வந்துச்சு. நான் அவ்வளவுதானா?"

இல்லை. அந்தச் சோதனைகளுக்குப் பின்னால் இருக்கும் பிணைப்புக் கோட்பாடு ('அட்டாச்மென்ட்') உறுதியானது. அதிலிருந்து உங்கள் மேல் ஒட்டப்பட்ட முத்திரைதான் உறுதியற்றது. குழந்தைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பு உயிர் வாழத் தேவையான ஒன்று என்று ஜான் போல்பி சொன்னார். மேரி எய்ன்ஸ்வொர்த் அதைப் பரிசோதித்துக் காட்டினார். தாய் சிறிது நேரம் அறையைவிட்டுப் போய்த் திரும்பி வரும்போது குழந்தை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்தார். சில குழந்தைகள் சமாதானமாகி மீண்டும் விளையாடப் போயின, சில தாயை விடாமல் ஒட்டிக்கொண்டு அழுதன, சில திரும்பியே பார்க்கவில்லை. 1987-இல் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும் இதைப் பெரியவர்களின் காதலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு செய்தித்தாளில் கேள்விகளை அச்சிட்டு வாசகர்களிடம் பதில் வாங்கினார்கள். பாதிக்குச் சற்று அதிகமானோர் பாதுகாப்பாக உணர்பவர்களாகவும், சுமார் நான்கில் ஒருவர் விலகிநிற்பவராகவும் ('அவாய்டன்ட்'), ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் பதற்றத்தோடு பற்றிக்கொள்பவர்களாகவும் ('ஆங்ஷியஸ்') இருந்தார்கள்.

இன்றைய ஆய்வாளர்கள் இவற்றைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்ப்பதில்லை. பதற்றம், தவிர்ப்பு என்ற இரண்டு அளவுகோல்களில் எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறோம். ஒரே ஆள் ஒரு துணையோடு நிம்மதியாகவும் இன்னொரு துணையோடு பதறிக்கொண்டும் இருப்பதுண்டு. நம்பகமான ஒருவரோடு பல வருடம் வாழ்ந்ததால் இடம் மாறியவர்களும் இருக்கிறார்கள். கடினமான குழந்தைப் பருவத்தைத் தாண்டிவந்து, அதைத் தெளிவாகத் திரும்பிப் பார்க்க முடிந்தவர்களை 'பெற்றுக்கொண்ட பாதுகாப்பு' உடையவர்கள் என்றே ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

சோதனை முடிவை இப்படிப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்: 'பதில் வரத் தாமதமானால் எனக்குப் பயம் வருகிறது' என்பதைத் துணையிடம் சொல்லுங்கள். 'நீ அவாய்டன்ட் டைப்' என்று அவருக்கு முத்திரை குத்த அதை எடுக்காதீர்கள்.

"நான் பேசணும்னு போனா அவர் எழுந்து போயிடறார். நான் விட்டா எதுவுமே பேசறதில்லை. என்ன பண்றது?"

இந்தச் சுழலுக்குத் துரத்தல்–விலகல் என்று பெயர். ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் கிறிஸ்டோபர் ஹீவியும் 1990-இல் இதைக் கவனமாக ஆராய்ந்தார்கள். பெண் துரத்துவதும் ஆண் விலகுவதும் அதிகம் காணப்பட்டாலும், யாருக்கு மாற்றம் தேவைப்படுகிறதோ அவர் துரத்துகிறார் என்பதும் தெரியவந்தது. இப்போதிருப்பதே வசதியாக இருப்பவருக்குப் பேச அவசரம் இருக்காது அல்லவா? ஆகவே 'ஆம்பளைங்களே அப்படித்தான்' என்று முடித்துவிட வேண்டாம்.

விலகுபவரை அலட்சியக்காரர் என்று துரத்துபவர் நினைக்கிறார். பல சமயம் விலகுபவரின் இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கிறது, காதில் எதுவும் ஏறுவதில்லை. தம்பதிகளை ஆராயும் உளவியலாளர் ஜான் காட்மன் இதை வெள்ளத்தில் மூழ்குவதோடு ஒப்பிடுகிறார். அந்த நேரத்தில் பேச்சைத் தொடர்ந்து பயனில்லை. குறைந்தது 20 நிமிட இடைவெளி எடுக்கச் சொல்கிறார் அவர். இங்கே ஒரு நிபந்தனை முக்கியம்: எழுந்து போகிறவர்தான், எத்தனை மணிக்குத் திரும்பி வந்து பேசுவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்னபடி வரவும் வேண்டும். எதுவும் சொல்லாமல் போகும்போது, துரத்துபவருக்குள் இருக்கும் கைவிடப்படும் பயம் பல மடங்காகிறது. துரத்துபவரும் குற்றப்பட்டியலோடு தொடங்காமல் ஒரே ஒரு விஷயத்தோடு தொடங்கினால், எதிரில் இருப்பவர் உட்கார்ந்து கேட்க வாய்ப்பு அதிகம்.

"வருஷக்கணக்கா ஒரே விஷயத்துக்குத்தான் சண்டை. எங்களுக்குப் பொருத்தமே இல்லையோ?"

தம்பதிகளுக்கு இடையிலான பிரச்சினைகளில் ஏறக்குறைய 69 சதவீதம் தீராமல் தொடர்பவை என்கிறார் காட்மன். ஒருவர் செலவாளி, இன்னொருவர் சேமிப்பாளி. ஒருவருக்கு வீடு நிறைய ஆட்கள் வேண்டும், இன்னொருவருக்கு அமைதி வேண்டும். துணையை மாற்றினால் சண்டையின் தலைப்புதான் மாறும். திருப்தியான தம்பதிகளிடமும் இந்தத் தீராத விஷயங்கள் இருக்கின்றன, ஆனால் அவர்களால் அவற்றைப் பற்றிப் பேச முடிகிறது. நடுவே சிரிக்கவும் முடிகிறது.

கவனிக்க வேண்டியது சண்டை போடும் விதத்தை. செயலை விட்டுவிட்டு ஆளையே குறை சொல்வது, ஏளனம், உடனே தற்காப்பில் இறங்குவது, சுவர்போல் மௌனமாகிவிடுவது ஆகிய நான்கையும் காட்மன் ஆபத்தானவையாகக் குறிக்கிறார். இவற்றில் ஏளனம்தான் ஆக மோசமானது. கண்ணைச் சுழற்றுவது, பேசுவதைக் கிண்டலாகத் திருப்பிச் சொல்லிக்காட்டுவது, 'உனக்கெல்லாம் இது புரியுமா' என்பது எல்லாம் அதில் அடக்கம். கோபத்தில் கூட எதிரில் இருப்பவர் சமமானவர்தான். ஏளனத்தில் அவரைக் கீழே தள்ளிவிடுகிறோம்.

'தம்பதிகளைச் சில நிமிடம் பார்த்தாலே விவாகரத்து ஆகுமா என்று 90 சதவீதத்துக்கும் மேல் துல்லியமாகச் சொல்லிவிடலாம்' என்று ஒரு பேச்சு உலவுகிறது. அந்தக் கணக்குகள் பெரும்பாலும் முடிவு தெரிந்த பிறகு தரவுகளுக்குப் பொருத்திப் போட்டவை, புதிய தம்பதிகளிடம் தனியாகச் சோதிக்கப்படவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எனவே நான்கு பழக்கங்களும் உங்கள் வீட்டில் இருக்கின்றன என்பதால் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது என்று அஞ்ச வேண்டாம்.

"எங்க ரெண்டு பேருக்கும் 'லவ் லாங்குவேஜ்' வேற வேற. அதான் பிரச்சினைன்னு நினைக்கிறேன்."

பாராட்டு, சேவை, பரிசு, நேரம், தொடுதல் என்று அன்பை ஐந்து மொழிகளாகப் பிரிக்கும் இந்தக் கருத்து 1992 முதல் பரவலானது. எமிலி இம்பெட்டும் அவரது சகாக்களும் 2024-இல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு முதன்மை மொழி உண்டு என்பதற்கோ, மொழி பொருந்தினால் உறவு மேம்படும் என்பதற்கோ வலுவான ஆதாரம் இல்லை. மனிதர்களுக்கு ஐந்துமே தேவைப்படுகின்றன. 'உனக்கு எதைச் செய்தால் அன்பாகத் தெரிகிறது?' என்ற பேச்சைத் தொடங்க இது உதவினால் நல்லது. அதற்கு மேல் இதன்மேல் பாரம் ஏற்ற வேண்டாம்.

"ஆரம்பத்துல இருந்த படபடப்பு இப்ப இல்லை. காதல் போயிடுச்சா?"

நாள் முழுக்க ஒருவரையே நினைத்து, அவர் முகக்குறிப்பு ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடும் அந்த நிலையை டாரதி டென்னாவ் 1979-இல் விரிவாக விவரித்தார். பெரும்பாலும் அது ஒன்றரை முதல் மூன்று வருடம்வரை நீடிக்கும் என்று அவர் கணித்தார். அது தணிவது இயல்பு. தணியாமல் இருந்தால் வேலையும் நடக்காது, தூக்கமும் இருக்காது.

ஆனால் வேட்கை செத்துத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. பியான்கா அசெவெடோவும், பாலப் பரிசோதனை செய்த ஆரனும் சராசரியாக 21 வருடம் திருமண வாழ்க்கையில் இருந்து, இன்னும் துணையை ஆழமாகக் காதலிப்பதாகச் சொன்ன 17 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். துணையின் படத்தைப் பார்த்தபோது, புதுக் காதலர்களுக்கு இயங்கும் அதே வெகுமதிப் பகுதிகள் (இன்பத்தையும் ஆசையையும் தூண்டும் மூளைப் பகுதிகள்) இவர்களுக்கும் இயங்கின. 17 பேர் என்பது சிறிய எண்ணிக்கை, அதுவும் தேடிப் பொறுக்கிய ஆட்கள். இப்படியும் இருக்க முடியும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

இரண்டு விஷயங்கள் உதவுகின்றன. ஒன்று, இருவருக்குமே புதிதான ஒன்றைச் சேர்ந்து செய்வது. ஆரனின் 2000-ஆம் ஆண்டு ஆய்வில், வழக்கமான வேலையைச் செய்த ஜோடிகளைவிடப் புதுமையான, பரபரப்பான ஒன்றைச் சேர்ந்து செய்த ஜோடிகள் உறவைப் பற்றி மேலாக உணர்ந்தார்கள். இன்னொன்று, துணை நல்ல செய்தியோடு வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது. கஷ்டத்தில் தோள் கொடுப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மகிழ்ச்சியான செய்திக்கு ஆர்வத்தோடு 'எப்படி நடந்தது, முழுசாச் சொல்லு' என்று கேட்பதும் அதே அளவு முக்கியம் என்று ஷெல்லி கேபிளின் ஆய்வுகள் காட்டுகின்றன. கைபேசியிலிருந்து தலை தூக்காமல் 'ஓ, சரி' என்று சொல்வது துணையின் சந்தோஷத்தை அங்கேயே அணைத்துவிடுகிறது.

"குழந்தை பிறந்ததுல இருந்து நாங்க ரூம்மேட் மாதிரி ஆயிட்டோம். எங்களுக்கு மட்டும்தான் இப்படியா?"

உங்களுக்கு மட்டுமில்லை. பிரையன் டாஸ் குழுவினர் 218 தம்பதிகளைத் திருமணத்திலிருந்து எட்டு வருடம் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2009-இல் வெளியிட்டார்கள். குழந்தை பிறந்த பிறகு உறவில் திருப்தி சட்டென்று இறங்கியது. குழந்தை இல்லாத தம்பதிகளுக்கும் இறங்கத்தான் செய்தது, ஆனால் மெதுவாக. தூக்கமின்மை, பணக் கவலை, இருவருமாக இருக்கும் நேரம் மறைந்துபோவது எல்லாம் ஒரே சமயத்தில் வருகின்றன.

அந்தக் காலத்தில் உறவு முழுவதையும் எடைபோடாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு வருடக் குழந்தையை வைத்துக்கொண்டு 'நமக்குள் காதல் இருக்கிறதா' என்று ஆராய்வதைவிட, யார் எந்த இரவு எழுந்திருப்பது என்று முடிவுசெய்வது அதிகம் பயன்படும். தாய்க்கோ தந்தைக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் வெறுமையும் நீடித்தால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், அதற்குச் சிகிச்சை உண்டு.

"நான்தான் வீட்டு வேலைல உதவி பண்றேனே, அப்புறமும் ஏன் கோபப்படறாங்க?"

ஏனென்றால் கைகளால் செய்யும் வேலை பாதிதான். ஆலிசன் டாமிங்கர் 2019-இல் கண்ணுக்குத் தெரியாத மீதிப் பாதியை நான்காகப் பிரித்தார்: தேவை வரப்போவதை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. அவர் பேசிய தம்பதிகளில் முடிவெடுப்பது ஓரளவு இருவருக்கும் பொதுவாக இருந்தது. முன்கூட்டியே உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்களின் தலையில் இருந்தன. குழந்தைக்குத் தடுப்பூசி எப்போது என்று நினைவில் வைத்திருப்பவருக்கு ஓய்வு நேரத்திலும் ஓய்வு இல்லை.

'என்ன செய்யணும்னு சொல்லு, செய்றேன்' என்பது நல்ல எண்ணத்தில் வருவதுதான். ஆனால் அதிலும் சொல்லும் பொறுப்பு அவரிடமே இருக்கிறது. வேலைகளைப் பிரிப்பதற்குப் பதில் பொறுப்புகளைப் பிரியுங்கள். தடுப்பூசி உங்களுடையது என்றால் தேதியை நினைவில் வைப்பதிலிருந்து போய்வந்து அட்டையை எடுத்துவைப்பதுவரை உங்களுடையது. கொடுத்தவரும் கையை எடுத்துவிட வேண்டும். தான் செய்யும் விதத்திலேயே மற்றவரும் செய்ய வேண்டும் என்று மேற்பார்வை பார்த்தால் பொறுப்பு திரும்ப வந்துவிடும்.

"அந்தக் காலத்துல எல்லாரும் அனுசரிச்சு வாழ்ந்தாங்க. இப்பதானே குடும்பம் உடையுது?"

சேர்ந்து இருந்ததையெல்லாம் நிம்மதியாக இருந்ததாகக் கணக்கில் எடுக்க முடியாது. 1969-இல் கலிஃபோர்னியா, எவர் மேலும் குற்றம் நிரூபிக்கத் தேவையில்லாத விவாகரத்துச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்பின் அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றாக வேறு வேறு ஆண்டுகளில் இந்தத் திசையில் மாறின. ஒருவர் மட்டும் விரும்பினாலே பிரியலாம் என்று மாறிய மாநிலங்களை மாறாதவற்றோடு ஒப்பிட்டு பெட்சி ஸ்டீவன்சன், ஜஸ்டின் வுல்ஃபர்ஸ் என்ற பொருளியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சட்டம் மாறிய இடங்களில் பெண்களின் தற்கொலை 8 முதல் 16 சதவீதம்வரை குறைந்திருந்தது, குடும்ப வன்முறை சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. 'அனுசரிப்பு' என்று வெளியே தெரிந்ததில் ஒரு பகுதி, வெளியேற வழி இல்லாதது.

மாறியது எதிர்பார்ப்பும்தான். முன்பு திருமணம் முதலில் பிழைப்புக்கும் பாதுகாப்புக்குமான ஏற்பாடு. பிறகு அன்பும் வேண்டும் என்றானது. இப்போது துணை தன்னை வளர்த்துக்கொள்ளவும் உதவ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம் என்கிறார் உளவியலாளர் எலை ஃபின்கல். எதிர்பார்ப்பு நிறைவேறினால் இன்றைய நல்ல திருமணம் முன்பிருந்ததைவிட ஆழமானது. ஆனால் இவ்வளவையும் ஒரே ஆளிடம் கேட்டுவிட்டு, அதற்கான நேரத்தை மட்டும் ஒதுக்காமல் விடுகிறோம். சில தேவைகளை நண்பர்களிடமும் உடன்பிறந்தவர்களிடமும் பகிர்ந்துகொள்வதில் தவறில்லை. துணை எல்லாமாக இருக்க வேண்டியதில்லை.

"கல்யாணத்துக்கு முன்னாடி சேர்ந்து வாழ்ந்து பார்த்தா விவாகரத்து குறையுமா?"

குறையும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. கூடும் என்றும் உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஸ்காட் ஸ்டான்லியும் கலீனா ரோட்ஸும் பயனுள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார்கள்: பேசி முடிவெடுத்துச் சேர்வது ஒன்று, வசதிக்காக மெல்ல வழுக்கி உள்ளே போய்விடுவது இன்னொன்று. வழுக்கிப் போனவர்களுக்கு வாடகை, பொருள்கள், பழக்கம் எல்லாம் சேர்ந்து, விருப்பமில்லாதபோதும் பிரிவது கடினமாகிவிடுகிறது. எந்த ஏற்பாடாக இருந்தாலும் 'இது நம் இருவருக்கும் என்ன அர்த்தம்?' என்று முன்னதாகவே பேசிவிடுங்கள்.

"தனியாவே இருந்துடலாம்னு இருக்கேன். பின்னாடி வருத்தப்படுவேனா?"

தனியாக இருப்பதும் தனிமையில் வாடுவதும் வெவ்வேறு. யுத்திகா கிர்மே நடத்திய ஆய்வில், சண்டை சச்சரவுகளைத் தவிர்ப்பதைப் பெரிதாக நினைப்பவர்கள் துணையோடு இருந்தாலும் தனியாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு மகிழ்ச்சியோடு இருந்தார்கள். பயத்தால் விலகுகிறீர்களா, விருப்பத்தால் தேர்ந்தெடுக்கிறீர்களா என்பதை மட்டும் நேர்மையாகப் பாருங்கள். உடம்புக்கு முடியாத நாளில் யாரை அழைப்பீர்கள் என்ற கேள்விக்கும் ஒரு பதில் வைத்துக்கொள்ளுங்கள். திருமணமானவர்களுக்கும் அந்தப் பதில் தேவைதான்.

"ஒரு பக்கம் பெத்தவங்க, ஒரு பக்கம் துணை. நடுவுல நான் நசுங்கறேன்."

இருவருக்கு இடையில் இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுப்பது மனித இயல்பு. குடும்ப சிகிச்சையில் முன்னோடியான மர்ரே போவன் இதை முக்கோணம் என்று அழைத்தார். தாய்க்கு மருமகள் மேல் வருத்தம், அதை மகனிடம் சொல்கிறார். மனைவிக்கு மாமியார் மேல் வருத்தம், அவரும் கணவனிடமே சொல்கிறார். நடுவில் இருப்பவர் செய்தி கொண்டுபோய்க் கொண்டிருக்கும்வரை, சம்பந்தப்பட்ட இருவரும் நேராகப் பேசத் தேவையே வராது.

செய்தி கொண்டுபோவதை நிறுத்துங்கள். 'அவ இப்படி நினைக்கிறா' என்று பெற்றோரிடம் சொல்லாமல், 'நாங்க ரெண்டு பேரும் பேசி இப்படி முடிவு பண்ணியிருக்கோம்' என்று சொல்லுங்கள். உங்கள் பெற்றோரிடம் எல்லை வகுப்பது உங்கள் வேலை, துணையின் வேலை அல்ல. பெற்றோரின் மேல் அன்பு குறைந்துவிட்டதாக இதற்கு அர்த்தம் இல்லை. நெருக்கமாக இருந்துகொண்டே தன் முடிவைத் தானே எடுக்க முடிவதைத்தான் போவன் முதிர்ச்சியாகப் பார்த்தார். கோபித்துக்கொண்டு முழுவதும் அறுத்துக்கொள்வதை அவர் அதில் சேர்க்கவில்லை.

"துரோகம் நடந்துபோச்சு. மறுபடியும் நம்ப முடியுமா?"

சிலரால் முடிகிறது. கிறிஸ்டினா கோர்டன், டொனால்ட் பாகம், டக்ளஸ் ஸ்னைடர் மூவரும் இதை மூன்று கட்டமாகப் பார்க்கிறார்கள்: அதிர்ச்சியைத் தாங்குவது, ஏன் நடந்தது என்று புரிந்துகொள்வது, பிறகு சேர்வதா பிரிவதா என்று முடிவெடுத்து நகர்வது. ஏமாற்றப்பட்டவருக்குத் திடீரென்று காட்சிகள் மனதில் ஓடுவது, தூக்கம் கெடுவது, எதையும் சந்தேகிப்பது எல்லாம் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கு வருவதைப் போன்றவை. 'இன்னுமா அதையே பேசற?' என்று கேட்பது முதல் கட்டத்திலேயே அவரை நிறுத்திவிடும்.

தவறு செய்தவர் அந்தத் தொடர்பை முழுவதும் முடிக்க வேண்டும், கேட்கும் கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், மற்றவரின் கோபத்தை ஓடிப்போகாமல் நின்று கேட்க வேண்டும். 'ஏன்' என்பதைப் புரிந்துகொள்வது பழியைப் பங்கு போடுவதாகாது. உறவில் இருந்த குறைக்கு இருவரும் பொறுப்பாக இருக்கலாம், ஆனால் பொய் சொல்ல எடுத்த முடிவு ஒருவருடையது. உண்மையைத் தவணை முறையில் வெளியிடுவதைப் போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை. ஒவ்வொரு தவணையும் முதல் நாளின் அதிர்ச்சியைத் திரும்பக் கொண்டுவருகிறது. மன்னிக்க முடியவில்லை என்றால் அதுவும் உங்கள் உரிமை, யாரும் அவசரப்படுத்தக் கூடாது.

"இது சாதாரணச் சண்டையா, கொடுமையா? எனக்கே குழப்பமா இருக்கு."

அடி விழுந்ததா என்று மட்டும் பார்க்காதீர்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொள்வது, யாரோடு பேசலாம் என்று முடிவுசெய்வது, கைபேசியைச் சோதிப்பது, எங்கே போனாலும் கணக்குக் கேட்பது, மிரட்டுவது ஆகியவை சேர்ந்து ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பதை, சமூகவியலாளர் எவன் ஸ்டார்க் 'வற்புறுத்தும் கட்டுப்பாடு' என்று விளக்கினார். இங்கிலாந்தும் வேல்ஸும் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதைக் குற்றமாக்கின. நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவர் என்ன செய்வாரோ என்ற பயத்தில் உங்கள் நடையையும் பேச்சையும் மாற்றிக்கொண்டே இருக்கிறீர்களா?

ஆம் என்றால், மேலே சண்டையைப் பற்றிச் சொன்ன யோசனைகள் உங்களுக்கு இல்லை. மென்மையாகப் பேச்சைத் தொடங்குவதும் 20 நிமிட இடைவெளியும் சம பலம் உள்ள இருவருக்கானவை. இருவரும் சேர்ந்து ஆலோசகரிடம் போவதும் இங்கே ஆபத்தாகலாம், ஏனென்றால் அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். தனியாக உதவி தேடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவையுங்கள், முக்கிய ஆவணங்களைப் பத்திரப்படுத்துங்கள். பிரியும் நேரமே ஆபத்து கூடும் நேரம் என்பதால், குடும்ப வன்முறைக்கான உதவி எண்ணிலோ அமைப்பிலோ பேசித் திட்டமிட்டபின் வெளியேறுவது நல்லது. உடனடி ஆபத்து என்றால் காத்திருக்க வேண்டாம்.

"எங்களுக்குள்ள ஒண்ணும் இல்லை. குழந்தைகளுக்காக மட்டும் சேர்ந்தே இருந்துடலாமா?"

பதில் வீட்டில் நடக்கும் சண்டையின் அளவைப் பொறுத்தது. பால் அமாட்டோவும் சகாக்களும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், கடும் மோதல் நிறைந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பெற்றோர் பிரிந்த பிறகு மேலாக இருந்தார்கள். மோதல் குறைவாக இருந்து திடீரென்று பிரிந்த வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாதிப்பு அதிகம் இருந்தது, ஏனென்றால் அவர்கள் கண்ணுக்கு எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆகவே கத்தலும் அவமதிப்பும் பயமும் தினசரி என்றால் 'பிள்ளைகளுக்காக' என்ற வாதம் நிற்காது. சலிப்புதான் பிரச்சினை என்றால், பிரிவதற்கு முன் உறவைச் சீர்செய்ய உண்மையான முயற்சி ஒன்று பிள்ளைகளுக்கு நீங்கள் செய்ய வேண்டியது.

பிரிந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு மேவிஸ் ஹெதரிங்டனின் நீண்டகால ஆய்வு பதில் சொல்கிறது. பிரிந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சுமார் 25 சதவீதத்தினருக்கு நீடித்த பிரச்சினைகள் இருந்தன, பிரியாத குடும்பங்களில் சுமார் 10 சதவீதம். ஆபத்து கூடுவது உண்மை. நான்கில் மூன்று பேர் நன்றாகவே வளர்ந்தார்கள் என்பதும் உண்மை. பிரிந்த பிறகும் பிள்ளையைத் தூது அனுப்பாமல், மற்றவரைப் பற்றிப் பிள்ளையின் காதுபடக் குறை பேசாமல், வீடு, பள்ளி, தூங்கும் நேரம் இவற்றை முடிந்தவரை மாற்றாமல் பார்த்துக்கொள்வது பெரிய உதவி. காரணம் சொல்லும்போது 'உன்னால இல்லை' என்பதை ஒருமுறை சொன்னால் போதாது, பல மாதம் கழித்தும் சொல்ல வேண்டியிருக்கும்.

"ரெண்டாவது கல்யாணம். அவரோட பிள்ளை என்னை ஏத்துக்கவே மாட்டேங்குது."

உங்களை ஏற்றால் சொந்தத் தாய்க்கோ தந்தைக்கோ துரோகம் செய்வதாகப் பிள்ளைக்குத் தோன்றலாம். அந்த இழுபறியைப் பிடிவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இப்படி இணைந்த குடும்பங்களோடு பல காலம் பணியாற்றிய பட்ரீஷியா பேப்பர்னவ் சொல்வது: முதலில் உறவு, கண்டிப்பு பிறகு. ஆரம்ப காலத்தில் விதிகளையும் கண்டிப்பையும் பிள்ளையைப் பெற்றவரே பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் பழகுங்கள். பெற்றவர் பிள்ளையோடு தனியாகச் செலவிடும் நேரத்தைக் குறைக்காதீர்கள். அது குறைந்தால் அதற்கு நீங்கள்தான் காரணம் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும். ஒரு குடும்பமாக உணர மாதங்கள் போதாது, வருடங்கள் ஆகும். 'அம்மா', 'அப்பா' என்று கூப்பிடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

"பிரிஞ்சு ரொம்ப நாளாச்சு. இன்னும் மறக்க முடியலை. எனக்கு ஏதாவது கோளாறா?"

கோளாறு இல்லை. ஈஸ்ட்விக், ஃபின்கல் குழு 2008-இல், காதலில் இருந்தவர்களிடம் பிரிந்தால் எவ்வளவு வலிக்கும் என்று முன்கூட்டியே கேட்டு, பிறகு உண்மையிலேயே பிரிந்தவர்களிடம் எவ்வளவு வலித்தது என்றும் கேட்டது. சராசரியாக, நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை. இது சராசரி மட்டுமே. ஆழமாகக் காதலித்தவர்களுக்கு மீள நாளாகும். அவருடைய பக்கங்களைத் தினமும் திறந்து பார்ப்பது காயத்தை ஆற விடாது, அதை நிறுத்துவதுதான் நான் முதலில் கேட்டுக்கொள்வது.

விடைபெறாமலே மறைந்துபோனவர்களால் வரும் வலி வேறு வகை. ஆள் உயிரோடு இருக்கிறார், உறவு இல்லை, காரணமும் தெரியாது. பாலின் பாஸ் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். மரணத்துக்கு இருப்பதுபோல இதற்குச் சடங்கு இல்லை, துக்கம் விசாரிப்பவரும் இல்லை. விளக்கம் வராமலே போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டு வாழ்க்கையைத் தொடர்வதற்குத்தான் ஆதரவு தேவை. தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் வாரக்கணக்கில் குலைந்திருந்தாலோ, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலோ அன்றே ஒரு மருத்துவரிடமோ உதவி எண்ணிலோ பேசுங்கள்.

"நான் பிரியணும்ங்கறேன், அவங்க வேண்டாம்ங்கறாங்க. கவுன்சலிங் போய் என்ன ஆகப்போகுது? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க."

முடிவு நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். அதன் விளைவோடு வாழப்போவது நீங்கள். தம்பதி ஆலோசனை பலருக்கு உதவுகிறது. துரத்தல்–விலகல் சுழலைப் பிணைப்பின் வழியாக அணுகும் சூ ஜான்சனின் முறையும், ஏற்பையும் மாற்றத்தையும் சேர்த்து எடுக்கும் நீல் ஜேக்கப்சன், கிறிஸ்டென்சன் முறையும் ஆய்வுகளில் பலன் காட்டியவை. ஆனால் இருவரும் உறவைச் சீர்செய்ய விரும்புகிறார்கள் என்ற அனுமானத்தில்தான் அவை தொடங்கும். ஒருவர் ஒரு காலை வெளியே வைத்திருக்கும்போது அந்த ஆலோசனை நாலைந்து வாரத்தில் நின்றுபோவதைப் பார்க்கிறேன்.

உங்கள் நிலைக்கு வில்லியம் டாஹர்ட்டி வேறொரு முறை வகுத்தார். ஒன்று முதல் ஐந்து சந்திப்புகள்தான். உறவைச் சரிசெய்வது அதில் இலக்கே இல்லை. மூன்று பாதைகளில் எது என்று தெளிவாவதற்காக மட்டும் அது நடக்கிறது: இப்போதிருப்பது போலவே தொடர்வது, பிரிவது, அல்லது ஆறு மாதம் பிரிவைப் பற்றிய பேச்சை ஒதுக்கிவைத்து முழுமூச்சாக முயன்று பார்ப்பது. பெரும்பாலான நேரம் ஆலோசகர் இருவரிடமும் தனித்தனியாகப் பேசுவார், 'இந்த நிலைக்கு வர என் பங்கு என்ன?' என்று ஒவ்வொருவரும் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த முறை தெரிந்த ஆலோசகர் கிடைக்காவிட்டாலும், முதல் சந்திப்பிலேயே 'நாங்கள் இருவரும் ஒரே முடிவோடு வரவில்லை' என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வன்முறையோ பயமோ இருந்தால் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கொடுமை பற்றிய கேள்வியில் சொன்னபடி தனியாக உதவி தேடுங்கள்.